அம்மம்மாவைப் பேச வைக்க வேண்டுமா?

நீங்கள் எழுதியதை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், தவறாகப் புரிந்துகொண்டு பதில் சொல்லிவிடக் கூடாது இல்லையா. சேலத்துக்குப் பக்கத்தில் இலங்கைத் தமிழர்களுக்கான ஒரு மறுவாழ்வு முகாமில் பிறந்து வளர்ந்தவர் நீங்கள். இப்போது உளவியல் முதுகலை படிக்கிறீர்கள். போர் நடந்த நாடுகளில் மக்கள் பட்டதை வாய்விட்டுச் சொன்னால் காயம் ஆறும், உண்மை வெளியே வந்தால் சமூகம் மறுபடி ஒன்றுசேரும் என்று பாடத்தில் வருகிறது. ஆனால் 1990இல் திருகோணமலையை விட்டு மன்னார் வழியாகப் படகேறி வந்த உங்கள் அம்மம்மா அந்த நாட்களைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அவரைப் பேச வைப்பது உங்கள் கடமையா என்று கேட்கிறீர்கள். வீடும் குடியுரிமையும் நீதியும் கிடைக்காத மக்களுக்கு இந்தப் படிப்பால் என்ன பயன் என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. பேச்சு மருந்தா? மருந்து என்றால் எப்போது, யார் கேட்டு?

நான் மனநல சமூகப் பணியாளர். இருபது வருடத்துக்கு மேல் சேலத்தில் வேலை பார்த்துவிட்டு இப்போது ஏற்காட்டில் இருக்கிறேன். வாரத்தில் ஒரு நாள் மலையிறங்கி முகாம்களுக்குப் போய்வந்த காலம் நிறைய உண்டு. இலங்கையில் நான் வேலை பார்த்ததில்லை. அங்கிருந்து இங்கே வந்தவர்களிடம் கேட்டதும், படித்ததும்தான் என் கையிருப்பு. அந்த எல்லையை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். கொடுமையான ஒன்று நடந்த சில நாட்களுக்குள் ஆட்களை உட்காரவைத்து, நடந்ததை விவரமாகச் சொல்ல வைத்து, ஒரே அமர்வில் மனதைக் காலி செய்துவிடும் முறை ஒன்று இருந்தது. 1980களில் தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்காக உருவாகி, அப்புறம் எல்லா இடத்துக்கும் பரவியது. பிரிட்டனில் தீக்காயத்தோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்களை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு மட்டும் இதைச் செய்து பார்த்தார்கள். 13 மாதம் கழித்துப் பார்த்தால், பேச வைக்கப்பட்டவர்களில் 26 சதவீதம் பேருக்கு மனவடு நோய் (பட்ட கொடுமை திரும்பத் திரும்ப மனதில் வந்து வாட்டும் நோய்) இருந்தது, சும்மா விடப்பட்டவர்களில் 9 சதவீதம் பேருக்குத்தான். இதுபோன்ற ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பின் 2002ஆம் ஆண்டு மதிப்பாய்வும் இந்த முறையால் பயனில்லை, கட்டாயமாகச் செய்வதை நிறுத்துங்கள் என்றது. உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைப்பதில்லை.

இது எனக்கு வெறும் ஏட்டுச் செய்தி இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் போன தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. அப்போது வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஒரு பள்ளிக் கட்டடத்தில் குழந்தைகளுக்குத் தாளும் க்ரேயானும் கொடுத்து, பார்த்ததை வரையுங்கள் என்றேன். எட்டு வயது இருக்கும், ஒரு பெண் தாளைத் தொடவே இல்லை. குனிந்து கேட்டதற்கு, "அக்கா, அலை வரையச் சொல்லி வர்ற மூணாவது ஆளு நீங்க. நீல க்ரேயான் தீந்துபோச்சு" என்றாள். டப்பாவைப் பார்த்தேன். நீலம் நிஜமாகவே ஒரு சுண்டுவிரல் நகம் அளவுக்குத்தான் மிச்சம் இருந்தது. அவளுக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது காலுக்குச் செருப்பும், அம்மா எந்த முகாமில் இருக்கிறாள் என்ற தகவலும். இரண்டையும் யாரும் கேட்கவில்லை, நானும்தான்.

அந்த அனுபவங்களிலிருந்து உலகம் கொஞ்சம் கற்றுக்கொண்டது. 2007இல் ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து நெருக்கடிக் காலத்து மனநலப் பணிக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டன. அதில் ஒரு கூம்பு வரைந்திருப்பார்கள். அடித்தட்டில் பாதுகாப்பு, உணவு, தண்ணீர், கூரை. அதற்கு மேல் குடும்பமும் ஊரும்: பிரிந்தவர்களைச் சேர்த்து வைப்பது, பள்ளி திறப்பது, செத்தவர்களுக்குச் செய்ய வேண்டிய சடங்கைச் செய்ய விடுவது. அதற்கு மேல் பயிற்சி பெற்ற ஊழியர்கள் தரும் ஆதரவு. உச்சியில் மெல்லிய நுனியாக மனநல மருத்துவரும் சிகிச்சையும். பாடத்திட்டத்தில் நாம் படிப்பதெல்லாம் அந்த நுனியைப் பற்றித்தான். நுனி தேவையில்லை என்று சொல்லவில்லை. போர் நடந்த இடங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஏதாவது ஒரு மனநோய் இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன மதிப்பீடு. அப்படியானால் மீதி நான்கு பேர் துக்கத்திலும் கோபத்திலும் இருந்தாலும் நோயாளிகள் இல்லை. அவர்களை நோயாளி ஆக்குவதும் ஒரு தவறுதான்.

இப்போது நீங்கள் பாடத்தில் படித்த உண்மை ஆணையங்களுக்கு, அதாவது நடந்த கொடுமைகளை வெளிக்கொண்டுவர அமைக்கும் ஆணையங்களுக்கு வருகிறேன். நிறவெறி ஆட்சி முடிந்த தென்னாப்பிரிக்காவில் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையில் 1996இல் விசாரணைகள் தொடங்கின. 21,000க்கு மேற்பட்டோர் வாக்குமூலம் கொடுத்தார்கள், அதில் ஏறத்தாழ 2,000 பேர் பொது அரங்கில் பேசினார்கள். ஒரு நாடு தன் முகத்தைத் தானே பார்த்தது, அது பெரிய காரியம், சந்தேகமே இல்லை. ஆனால் பொதுவில் பேசியவர், தனியே வாக்குமூலம் கொடுத்தவர், எதுவும் கொடுக்காதவர் மூவரையும் ஒப்பிட்ட 2001ஆம் ஆண்டு ஆய்வில், மனநலத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ருவாண்டாவில் 1994 இனப்படுகொலைக்குப் பிறகு குற்றம் செய்தவர்களை விசாரிக்கும் கச்சாச்சா என்ற ஊர்மன்றங்கள் 2012 வரை நடந்தன. அங்கே சாட்சி சொன்ன பெண்களிடம் பேசிய ஸ்வீடன் ஆய்வாளர் காரன் புரூனேயுஸ், சாட்சி சொன்னதால் பழைய காயம் மறுபடி திறந்துகொண்டது என்றும், சொன்னதற்காகவே ஊரில் மிரட்டப்பட்டார்கள் என்றும் பதிவு செய்திருக்கிறார்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது, உள்நாட்டுப் போரைக் கண்ட மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோன். அங்கே 200 கிராமங்களை எடுத்துக்கொண்டு, சிலவற்றில் குற்றம் செய்தவரும் பாதிக்கப்பட்டவரும் ஊர் நடுவில் பேசிக்கொள்ளும் சடங்கு நடந்தது, சிலவற்றில் நடக்கவில்லை. 2016இல் வெளியான முடிவு இரண்டு பக்கமும் கூரானது. சடங்கு நடந்த ஊர்களில் மன்னிப்பு கூடியது, உறவுகள் பலப்பட்டன, ஊர்ப் பொதுவேலைக்கு மக்கள் அதிகம் கைகொடுத்தார்கள். அதே ஊர்களில் மனச்சோர்வும் பதற்றமும் மனவடு அறிகுறிகளும் கூடவும் செய்தன, இரண்டரை வருடத்துக்கு மேல் நீடித்தன. ஊருக்கு நல்லதானது ஆளுக்கு நல்லதாக இல்லை. அதனால்தான் உங்கள் பாடப்புத்தகத்தின் அந்த ஒற்றை வரியை, காயம் ஆறுவதும் சமூகம் சேர்வதும் ஒன்றாக வரும் என்பதை, நான் ஏற்பதில்லை. பாதிக்கப்பட்டவர்களிடம் அந்த விலையை வாங்குகிறோம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிட்டு, பேசியதற்கு அப்புறமும் பல மாதம் கூட இருக்க வேண்டும். இதுவே என் நிலைப்பாடு.

சரி, அப்படியானால் பேசாமலே இருந்துவிடலாமா? அதற்கு நம் பக்கத்து மலையிலேயே பதில் இருக்கிறது. சேர்வராயன் மலைக்குப் பக்கத்தில் சித்தேரி மலை, அதன் அடிவாரத்தில் அரூர் வட்டத்து வாச்சாத்தி. ஏற்காட்டில் மலையாளிகள் எனப்படும் மலைவாழ் மக்களும் வாச்சாத்திக்காரர்களும் ஒரே பழங்குடி. 1992 ஜூன் 20ஆம் தேதி சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் நுழைந்தார்கள். வீடுகளை உடைத்தார்கள், கிணற்றைப் பாழாக்கினார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். பெண்களையும் குழந்தைகளையும் பிடித்துக்கொண்டுபோய் அடைத்தது நம் சேலம் சிறையில். அரசு அதிகாரிகள் இப்படிச் செய்வார்களா என்று வெளியே பலர் நம்பவே இல்லை. அந்தப் பெண்கள் பேசினார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் கூட நின்றன. வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போனது. 269 பேர் மீது குற்றச்சாட்டு. 2011 செப்டம்பர் 29இல் தீர்ப்பு வந்தபோது 54 பேர் இறந்துபோயிருந்தார்கள், உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது தர்மபுரி நீதிமன்றம். மேல்முறையீட்டில் உயர்நீதிமன்ற நீதிபதி நேரில் ஊருக்கே போய்ப் பார்த்துவிட்டு, 2023 செப்டம்பர் 29இல் தண்டனையை உறுதி செய்தார். அந்த 18 பேருக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு.

முப்பத்தோரு வருடம். அந்தப் பேச்சு கவுன்சலிங் அறையில் நடந்ததில்லை. நீதிமன்றத்தில் நடந்தது, கேட்டவர்களுக்கு அதன்மேல் ஏதாவது செய்யும் அதிகாரம் இருந்தது, பேசியவர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு கூட்டமாக நின்றார்கள். அதே சமயம் ஒவ்வொரு முறை கூண்டில் ஏறும்போதும் நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். உளவியலாளருக்கு வேலை இருப்பது அங்கேதான். சாட்சி சொல்லப் போகிறவரைத் தயார் செய்வது, அன்றிரவு அவருடன் ஆள் இருக்கச் செய்வது, தேதி முன்னுக்குப் பின் முரணாக வந்தால் அது பொய்யின் அடையாளம் இல்லை, அதிர்ச்சி நினைவைச் சிதைக்கும் விதம் அது என்று நீதிபதிக்கு விளக்குவது. சித்திரவதையை ஆவணப்படுத்த ஐ.நா. ஏற்ற இஸ்தான்புல் நெறிமுறை ஒன்று உண்டு. 1999இல் எழுதியது, 2022இல் திருத்தியது. உடம்பில் தழும்பே இல்லாதபோதும் மனதில் உள்ளதை முறைப்படி பரிசோதித்து நீதிமன்றத்தில் வைக்கலாம் என்கிறது. மனித உரிமைக்கும் நம் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

இதற்கு நேர் எதிரானதையும் நம் துறைக்காரர்களே செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2001க்குப் பிறகு கைதிகளைத் துன்புறுத்தி விசாரிக்கும் முறைகளை வடிவமைத்தவர்களில் இரண்டு உளவியலாளர்கள் உண்டு. அந்நாட்டு உளவியல் சங்கமே ராணுவத்துக்கு ஏற்றபடி தன் நெறிகளைத் தளர்த்தி வைத்தது என்று சங்கம் நியமித்த வழக்கறிஞர் ஹாஃப்மனின் அறிக்கை 2015இல் வெளிப்படுத்தியது. அதன் பிறகுதான் அத்தகைய விசாரணைகளில் உளவியலாளர் பங்கெடுக்கக் கூடாது என்று சங்கம் தடை போட்டது. பட்டம் வாங்கும் முன் நீங்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். மனதைத் திறக்கத் தெரிந்தவருக்கு உடைக்கவும் தெரியும்.

முகாமுக்கு வருகிறேன். நான் போய்வந்த ஒரு முகாமில் அறுபது தாண்டிய ஒரு அம்மா இருந்தார். நெஞ்சு பாரம், நித்திரை இல்லை, ஒரே யோசனை என்பார். அவர் வீட்டு வாசல்நிலைக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு துணிப்பை எப்போதும் தொங்கும். குடும்ப அட்டை, முகாம் அடையாள அட்டை, பேத்தியின் பிறப்புச் சான்றிதழ், ஒரு சேலை, சின்ன டார்ச். ராத்திரி படுக்கும் முன் எடுத்து எண்ணிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டுவார். என்னோடு வந்த இளம் சக ஊழியர் அதை நோய்க்குறி என்று குறிப்பேட்டில் எழுதினார். நான் அந்த அம்மாவையே கேட்டேன். "பிள்ளை, மூண்டு தரம் ஓடினனாங்கள். முதல் ரெண்டு தரமும் வெறுங்கையோட. மூண்டாம் தரம்தான் இந்தப் பை" என்றார். சக ஊழியர் எழுதியதை அடித்துவிட்டார். அப்புறம் அந்த அம்மா குரலைத் தணித்து, "நீங்கள் எழுதுறது செக்கிங்குக்கு வாற ஐயாக்களிட்டப் போகுமோ?" என்று கேட்டார். மாதாமாதம் ஆள் கணக்கெடுக்க வரும் அதிகாரிகளைச் சொன்னார். போகாது என்றேன், எழுதிய தாளை அவர் கையிலேயே கொடுத்தேன். அன்றைக்கு அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

அவருடைய நித்திரையைக் கெடுத்தது பழைய ஷெல் சத்தம் மட்டும் இல்லை. பத்துக்குப் பத்து அறை, பக்கத்து வீட்டு இருமல்கூடக் கேட்கும் சுவர், அழுதால் நாலு பேர் வந்து எட்டிப் பார்ப்பார்கள். மருமகனுக்கு நிலையான வேலை இல்லை. பேத்திக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தும் ஒரு சான்றிதழ் குறைந்தது. நான் சிகிச்சை என்று செய்ததில் பாதி, அந்தச் சான்றிதழுக்காக ஒரு அலுவலகத்துக்கு நாலு தடவை நடந்ததுதான். அது வந்த வாரம் அவர் தூங்கினார். ஒரே ஒரு ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன: போரில் பட்டதற்கும் இன்றைய மனநிலைக்கும் நடுவில் தினசரி நெருக்கடி உட்கார்ந்திருக்கிறது. 2021இல் அகதிகள் முகாம் என்ற பெயர் மறுவாழ்வு முகாம் என்று மாறியது, உதவித்தொகை கூடியது, புது வீடுகள் வந்தன. இதெல்லாம் நம் துறைக்கு வெளியே நடந்த மனநலப் பணி என்றே நான் நினைக்கிறேன். 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைத் தமிழர்களைச் சேர்க்காமல் விட்டது அதற்கு நேர் எதிர். நாளைக்கு நான் எந்த நாட்டு ஆள் என்று தெரியாதவரிடம் மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போரில் காணாமல் போனவர்களின் குடும்பங்கள் இன்னும் தனி. பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைத் தெளிவற்ற இழப்பு என்கிறார். ஆள் செத்ததாகவும் இல்லை, இருப்பதாகவும் இல்லை. எட்டுச் செலவு, அந்தியேட்டி என்ற சாவுச் சடங்குகளைச் செய்யலாமா, பொட்டை அழிப்பதா வைப்பதா என்று தெரியாமல் பல வருடம் நிற்கும் பெண்களிடம் துக்கத்தைக் கடந்து வாருங்கள் என்று சொல்வது கொடுமை. கிளிநொச்சியில் 2017 பிப்ரவரியிலிருந்து பிள்ளைகளின் படத்தோடு தெருவோரம் உட்கார்ந்த அம்மாக்கள் சிகிச்சை கேட்கவில்லை, பதில் கேட்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் போர் நடுவிலேயே இருந்து வேலை செய்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரத்தை நீங்கள் படிக்க வேண்டும். தனி ஆளின் மனவடு ஒரு பக்கம், ஊரே உடைந்து போவது இன்னொரு பக்கம் என்று பிரித்துக் காட்டி, அதைக் கூட்டு மனவடு என்றார். நம்பிக்கை போய்விடுகிறது, மற்றவருக்கு நடப்பதைப் பார்த்துக்கொண்டு மௌனமாக இருப்பது பழகிவிடுகிறது, ஒருவர் பேச்சை ஒருவர் சந்தேகிக்கிறார்கள். அதற்கு அவர் கண்ட வழி ஆசிரியர்களையும் கிராம ஊழியர்களையும் பயிற்றுவிப்பது, கோயில் திருவிழாவையும் சடங்கையும் கூத்தையும் திரும்பக் கொண்டுவருவது. மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடாரில் இதே கோணத்தில் எழுதிய உளவியலாளரும் பாதிரியாருமான இக்னாசியோ மார்ட்டின் பாரோவை 1989 நவம்பர் 16இல் ராணுவம் சுட்டுக் கொன்றது. காயம் ஆளுக்குள் மட்டும் இல்லை, ஆளுக்கும் ஆளுக்கும் நடுவில் இருக்கிறது என்பது இவர்கள் இருவருக்கும் பொது.

அந்த நடுவில் இருப்பதைச் சரிசெய்ய முடியுமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். எதிரெதிர் தரப்பினரைச் சேர்த்து விளையாட விட்டால் பகை குறையும் என்பார்கள். ஈராக்கில் ஐ.எஸ். கொடுமைக்குப் பிறகு கிறிஸ்தவ, முஸ்லிம் இளைஞர்களைக் கலந்து கால்பந்து அணிகள் அமைத்துப் பார்த்த ஆய்வு 2020இல் வந்தது. கிறிஸ்தவ இளைஞருக்குக் கூட ஆடிய முஸ்லிமோடு நட்பு வந்தது, தெருவில் பார்க்கும் முன்பின் தெரியாத முஸ்லிமிடம் அது அவ்வளவாகப் பரவவில்லை. பந்தாட்டம் வீண் என்று நான் சொல்லமாட்டேன், ஒரு நண்பன் கிடைப்பது சின்ன விஷயமா? ஆனால் அதை வைத்து ஒரு நாடு சமாதானமாகிவிடும் என்று எழுதிக் கொடுக்க என்னால் முடியாது.

கடைசியில் உங்கள் அம்மம்மா. பேச வைக்காதீர்கள். நீங்கள் பேத்தி, அவருடைய சிகிச்சையாளர் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் பேசாமல் இருந்தது நோயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உங்களை வளர்க்க அவர் தேர்ந்த வழியாகவும் இருக்கலாம். ஆனால் ராத்திரியில் அலறி எழுகிறாரா, சாப்பாடு இறங்கவில்லையா, செத்துப்போனால் தேவலை என்கிறாரா, தீபாவளி வெடிக்குக் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்து வெகுநேரம் நடுங்குகிறாரா, அப்போது அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அவராகச் சொல்ல விரும்பினால் அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் செய்யும் நல்ல சிகிச்சை ஒன்று உண்டு. தரையில் ஒரு கயிற்றை நீட்டி, பிறந்ததிலிருந்து இன்றுவரை நடந்த நல்லதுக்கெல்லாம் பூவும் கெட்டதுக்கெல்லாம் கல்லும் வைத்து, ஒவ்வொரு கல்லாக எடுத்துக் கதை சொல்லி எழுதிக்கொள்வது. உகாண்டாவில் அகதிகளுக்கே பயிற்சி கொடுத்து, அவர்களை வைத்து அகதிகளுக்குச் செய்து பலன் கண்ட முறை அது. பல வாரம் ஆகும், பாதியில் விடக் கூடாது. அதனால் ஆர்வத்தில் வீட்டில் நீங்கள் தொடங்கிவிடாதீர்கள்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கல்லை விட்டுவிட்டுப் பூவைக் கேளுங்கள். அவர் முருங்கைக்கீரை ஆயும்போது நீங்களும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். ஊர் வீட்டில் கிணறு எந்தப் பக்கம் இருந்தது, தண்ணீர் உப்பா நல்லதா, கோணேசர் கோயில் திருவிழாவுக்கு யாரோடு போவார் என்று கேளுங்கள். பதில் வந்தால் கேட்டுக்கொண்டே கீரையை ஆயுங்கள், முகத்தையே பார்க்க வேண்டாம். "பிறகு சொல்லுறன்" என்றால், சரி அம்மம்மா என்று சொல்லிவிட்டு அடுத்த கொத்தை எடுங்கள்.